கரையை விட்டு இறங்காதவர்

ஜூன் 4

சேற்றுக்கும் நண்டுக்கும் அதிகாரியாகிவிட்ட அக்காவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறாளே, தங்கைக்குத் திடீரென்று பண்பாடு வந்துவிட்டதோ என்று சந்தோஷப்பட்டுவிடாதே. என் போன் அப்பாவின் பீரோவுக்குள் கம்பி எண்ணுகிறது. உன் முகாமில் சிக்னல் கிடையாது. குடிதண்ணீர்ப் படகுக்காரர் வாராவாரம் உங்களிடம் வருகிறாராம். தண்ணீர் கேன்களோடு இதையும் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன் ஏன் உள்ளே போனது என்று நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்வேன். கரை மேல் ஒரு பலகை நட்டேன். "கடல் விற்பனைக்கு. நேரில் பார்வையிடலாம். தொடர்புக்கு: கரைக் காவலர்." கீழே அப்பாவின் நம்பர். யாரோ ஒருவர் கூப்பிட்டு, "அலையோட சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்டார். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று அப்பா அவருக்குப் பொறுமையாகப் பாடமே நடத்தினார். நடத்திவிட்டு என்னைத் தேடி வந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஊர்க் கூட்டத்தில் நீ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கரையை இனிமே காப்பாத்த முடியாது. காப்பாத்துறதே வீண் வேலை" என்றாய். முன்வரிசையில், தேய்த்த சட்டையோடு, கடல் ஊருக்குள் வராமல் இருபத்தாறு வருடமாக அந்த மண்கரையைக் காக்கிறவர் உட்கார்ந்திருந்தார். மகள் பேசப்போகிறாள் என்று சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டவர். உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து வீடு இப்படி இருக்கிறது. அப்பா விடிந்ததும் கரைக்குப் போகிறார், இருட்டினால் வருகிறார். கரையை வெட்டுவதே வெட்டி வேலை என்று சுவரிடம் சொல்கிறார். அம்மா நடுநிலை, அதாவது உன்னையும் அவரையும் சமமாகத் திட்டுகிறாள். "எனக்கு ஒரே மகள்தான்" என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னாரே, அந்த ஒரே மகள் நான். சாப்பாட்டில் உன் பங்கும் எனக்கே வருகிறது. லாபம்தான். ஆனால் திட்டிலும் உன் பங்கு எனக்கே வருவதால் கணக்கு நேராகிவிடுகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ வீட்டுக்கு வரணும். கரையை வெட்டுவாயோ ஒட்டுவாயோ, அது உன் பாடு.

இப்படிக்கு,
காவலரின் கடைசிக் கவலை

ஜூன் 11

வாலு,

பலகை விஷயம் படகுக்காரர் ஏற்கனவே சொன்னார். இந்த முகாமில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதை அப்பாவிடம் சொல்லாதே.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நீயே போய்ப் பார். கரைக்கு வெளியே, சின்ன வயதில் நாம் வழுக்கி விளையாடிய சேற்று மேடு இப்போது எங்கே? அலை கரையில் மோதித் திரும்பும்போது அடிமண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது. உள்ளே கீழ்வயல் உப்பேறி, புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. கடல் வருடா வருடம் ஏறுகிறது. புயல் முன்பைவிட மோசமாக வருகிறது. ஒருநாள் கரை தானாகவே உடையும். எங்கே உடையும் என்று அது நம்மைக் கேட்காது. பள்ளிக்கூட மூலையில் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசி.

அதனால்தான் நாமே ஒரு நல்ல இடத்தில் வெட்டப்போகிறோம். கீழ்வயலுக்குள் கடல் வந்து போகட்டும். வீடுகளுக்கு முன்னால் புதுசாக ஓர் உள்கரை கட்டியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சதுப்பு வளரும். கடல் ஏறினால் கரை அதே உயரத்தில்தான் நிற்கும். சதுப்பு அப்படியில்லை. தினமும் ஏறி இறங்கும் தண்ணீர் கொஞ்சம் வண்டல் கொண்டுவந்து போடும், செடிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தரையும் கடலோடு சேர்ந்து ஏறும். புயல் அலை அதைத் தாண்டி வருவதற்குள் களைத்துப்போகும்.

இது எல்லாம் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் "எனக்கு ஒரே மகள்" என்றார். எனக்கும் அன்றைக்குத் தேய்த்த சட்டைதான்.

அவர் கூப்பிடட்டும், வருகிறேன்.

அக்கா

ஜூன் 20

சோற்றுக்குப் பதில் சேற்றைத் தின்னும் அக்காவுக்கு,

"அவர் கூப்பிடட்டும்" என்கிறாய். அவரோ, "அவளா வரட்டும்" என்கிறார். இரண்டு பேரும் ஒரே மண். பிசைந்து அடைத்தால் ஒரு ஓட்டைக்குச் சரியாக இருக்கும்.

உன் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். வயல் தண்ணீரை இறைக்கிற பம்புக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சாயங்காலம் அவர் கண் வலிக்கிறது என்று என்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்வார் அல்லவா? பேப்பருக்குள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கடலோரச் செய்தி. நமது சிறப்பு நிருபர். முகத்துவார முகாமில் பணிபுரியும் இளம் அதிகாரி ஒருவர், தமது சின்ன வயதுச் சேற்று மேட்டைக் காணவில்லை எனப் புகார் தெரிவித்துள்ளார்."

தொடர்ந்து வாசித்தேன். சதுப்பு கடலோடு சேர்ந்து ஏறும் என்ற இடத்தில், "அந்த நிருபர்கிட்ட கேளு" என்றார். "வண்டல் படியற வரைக்கும் தண்ணி சும்மா நிக்குமா? உள்கரையை அரிக்காதா?"

"ஆசிரியருக்குக் கடிதமா எழுதிடவாப்பா?"

"எழுது. அந்த உள்கரை குழந்தைங்க கட்டுன வரப்பு மாதிரி இருக்குன்னும் எழுது."

"அதிகாரி மனசு புண்படும்ப்பா."

"புண்படட்டும். கரை உடையறதுக்கு அது மேல்."

தேய்த்த சட்டை வரியையும் வாசித்தேன். அதிகாரியும் அன்று தேய்த்த சட்டையே அணிந்திருந்ததாகத் தெரிகிறது என்று. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அம்மா அடுப்படியிலிருந்து, "அடுத்த பக்கம் திருப்புடி" என்றாள்.

எல்லாம் முடிந்து மடிக்கும்போது அப்பா சொன்னார்: "பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்க. பரவாயில்லை. நாளைக்கும் படி."

ஆகவே, நிருபரே, செய்தி அனுப்பவும். அவர் கேள்விக்குப் பதிலும் வேண்டும்.

இப்படிக்கு,
தலைகீழ்ப் பத்திரிகையின் ஆசிரியை

ஜூலை 2

பதில் அப்புறம். முதலில் இதைச் சொல்.

வெட்டப்போகும் இடத்தைக் குறிக்க என் ஆட்கள் கரையில் வரிசையாக முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தார்கள். மறுநாள் போனால் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பிடுங்கி, கட்டி, கரையடியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. திரும்ப அளந்து அடித்தோம். திரும்பவும் பிடுங்கப்பட்டுவிட்டன. கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மூன்றாம் முறை நடக்கப்போகிறோம்.

கடலை விற்றாய், சிரித்தேன். இது சிரிப்பில்லை. இந்த வேலை நின்றால் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று உனக்குத் தெரியும். நீதானா?

அக்கா

ஜூலை 6

அக்கா,

ஆமாம், நான்தான். குச்சிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கை அரித்தது. இனிமேல் தொட மாட்டேன். திட்ட வேண்டியதை எல்லாம் என்னையே திட்டிவிடு, வேறு யாரிடமும் போக வேண்டாம்.

இந்த வாரம் பத்திரிகைக்கு விடுமுறை.

நான்

ஜூலை 19

என் மக்குத் தங்கையே,

உனக்குப் பொய் சொல்லவே வரவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு சிலேடைகூட இல்லாமல் நீ எழுதியதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் படகில் வந்து பார்த்தேன்.

குச்சி பிடுங்கிய ஒவ்வொரு ஓட்டையிலும் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து திணித்திருந்தது. குதிகாலால் மிதித்து, மேலே உள்ளங்கையால் வழித்து விட்டிருந்தது. உன் குறும்பில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். இதில் சிரிப்பில்லை, வேலை இருந்தது.

அப்பா எனக்கு எதிராக இதைச் செய்யவில்லை, தெரியுமா? கரையில் ஓட்டை இருந்தால் அவர் கை சும்மா இருக்காது. செப்டம்பரில் வெட்டப்போகிற கரை, அதிலும் வெட்டப்போகிற அதே இடம். அங்கேயும் ஓட்டையை அடைக்கிறார். பிணியாளிக்குக் கடைசி நாளிலும் தலை வாரிவிடுகிற மாதிரி. நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "வீண்" என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. கரை வீணாகலாம். அவர் செய்தது வீண் இல்லை. அவர் இல்லாவிட்டால் நாம் வளர்ந்த வீடே இருந்திருக்காது.

இதை அடுத்த பதிப்பில் போடு. எழுத்துப்பிழை இல்லாமல் வாசி.

அவர் கேள்விக்குப் பதில்: தண்ணீர் சும்மா நிற்காது, அரிக்கும், அவர் சொன்னது சரி. அதற்காகத்தான் கீழ்வயலில் வளைந்து வளைந்து வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். தண்ணீர் அதன் வழியாக வந்து அதன் வழியாகவே திரும்பும். இன்னொன்றும் போடு. அந்த உள்கரையின் மேல் தளத்தை, ஒரு சைக்கிளும் அதன் கேரியரில் ஒரு மண்கூடையும் போகும் அகலத்துக்கு நான் வரைந்தேன். ஏன் அந்த அகலம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பராமரிப்புக்கு என்று சொன்னேன்.

அக்கா

ஆகஸ்ட் 9

நிருபருக்கு,

சிறப்புப் பதிப்பு வெளியாகி விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர் ஒருவர்தான். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். சைக்கிள் அகலம் வந்ததும், "கேரியர்ல கூடை வெச்சா ஹேண்டில் ஆடும். இன்னும் ஒரு முழம் வேணும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சரி, கதை முடிந்தது, அக்கா சனிக்கிழமை வீட்டில் என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை.

போன வாரக் காற்றில் கடல் ஏறியதே, அன்றைக்கு நானும் அவரோடு கரைக்குப் போனேன். பள்ளிக்கூட மூலையில் கசிவு. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஊறுகிறது. அவர் பிசைந்து கொடுக்கக் கொடுக்க நான் மிதித்தேன். குதிகால் இன்னும் வலிக்கிறது. தண்ணீர் இறங்கியதும் அவர் கரை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "இதுக்கு மேல முடியாதுப்பா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"முடியும்" என்றார். "அவங்க வெட்டுற அன்னைக்கு நான் இங்கதான் இருப்பேன். இறங்க மாட்டேன்."

"அக்கா சொன்னது சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேப்பா."

"அவ சொன்னது சரிதான். அதுக்காக நான் இறங்கிட முடியுமா? இத்தனை வருஷம் தண்ணிக்கு வழி விடாதவன்டி நான். இப்ப தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கணுமா?"

சும்மா சொல்கிறார் என்று அம்மா நினைக்கிறாள். எனக்குத் தெரியும், அவர் நிஜமாகத்தான் சொல்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிக் காயவைத்திருக்கிறார். உட்கார்ந்து மறிப்பாராம்.

இதற்கு எனக்கு ஜோக் வரவில்லை. என்ன செய்யப்போகிறாய்?

ஆகஸ்ட் 15

வாலு,

அலுவலகத்தில் சொன்னேன். காவலுக்கு ஆள் அனுப்பி இறக்கிவிடலாம் என்றார்கள். நாலு பேர் சேர்ந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போவதை நான் படகிலிருந்து பார்க்கணுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வெட்டக் குறித்திருக்கும் அன்றைக்குக் கடல் நன்றாக உள்வாங்கும். அந்த நேரத்தில் வெட்டினால் தண்ணீர் மெதுவாக ஏறி, வாய்க்கால் வழியாகப் போகும். அந்த நாளை விட்டால் புயல் காலம் வந்துவிடும். பிறகு அடுத்த வருடம்தான். இந்த வருடப் புயலைப் பள்ளிக்கூட மூலை தாங்குமா, அங்கே உடைந்து தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்தால் புது உள்கரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இருந்தாலும், அவர் இறங்காவிட்டால் வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் கரைக்கு வெளியே படகில் இருப்பேன், நீரோட்டம் அளக்க. என்னால் அவர் பக்கத்தில் வந்து பேச முடியாது. வந்தாலும் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை.

நீ ஒன்றும் குறும்பு செய்து வைக்காதே. இது அப்பா.

அக்கா

செப்டம்பர் 12

படகிலிருந்தவளுக்கு,

உனக்குக் கரையின் வெளிப்பக்கம்தான் தெரிந்திருக்கும். உள்பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன்.

விடிந்ததும் அப்பா நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு போனேன். குறித்த இடத்தில் நாற்காலியைப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்தார். உன் அலுவலகத்து ஆள் வந்து வணக்கம் சொன்னார். அப்பாவும் சொன்னார். அவ்வளவுதான். வீடுகளுக்குத் திரும்பும் பாதையில் ஊரே நின்றது. கடல் உள்வாங்க ஆரம்பித்தது.

பொக்லைன் ஓட்டுகிற அண்ணன் இருக்கிறாரே, எல்லாவற்றையும் ஆற அமரச் செய்வதால் "அவசரம்" என்று ஊர் பேர் வைத்த அண்ணன், அவர் நாங்கள் வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவைத்திருந்தார். அப்பாவுக்கு அந்தப் பக்கம், கரை தண்ணீரில் முட்டிக்கொண்டு முடிகிற கோடியில். பாதை இருக்கிற பக்கம் இல்லை. உனக்குப் புரிகிறதா? நடுவில் வெட்டிவிட்டால் அண்ணனும் வண்டியும் கடலுக்கும் வெட்டுக்கும் நடுவில் தீவு மாதிரி நிற்பார்கள்.

அப்பா முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். கடலைப் பார்த்தார். திரும்ப வண்டியைப் பார்த்தார். கால் ஆடத் தொடங்கியது.

"அந்த ஆளு அங்க எதுக்கு நிக்கிறான்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலையேப்பா. அங்கேருந்துதான் வெட்டுவார் போல."

"அங்கேருந்து வெட்டுனா வீட்டுக்கு எப்படிப் போவான்?"

"நீந்திப் போவாரோ என்னவோ."

"பொக்லைனைத் தோள்ல போட்டுக்கிட்டா?"

இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் முடியவில்லை. எழுந்து நின்று கத்தினார்: "யோவ், அவசரம். அறிவிருக்கா? பாதைப் பக்கம் வாய்யா. வெட்டுறவன் வீட்டுப் பக்கம் நிக்கணும்னு யாரும் சொல்லித் தரலையா?"

அவசரம் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, நீங்க நடுவுல உட்கார்ந்திருக்கீங்க. எப்படி வர்றது?" என்று கேட்டார்.

அந்தக் கரையில் ஒரு பொக்லைன் போகத்தான் இடம். அப்பா நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, கீழ்வயலில் நின்றார். "வா, வா, இடது பக்கம் ஒடி. மெதுவா. ஓரத்து மண்ணு இளகும்" என்று கையைக் காட்டிக் காட்டி வண்டியைத் தாண்டவிட்டார். வண்டி பாதைப் பக்கம் வந்து நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு அண்ணன் கீழே பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அப்பா சரிவில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். பிறகு அந்தக் காலைக் கீழே எடுத்துக்கொண்டார்.

"என்னை எதுக்குப் பார்க்குற?" என்றார். "தண்ணி திரும்பறதுக்குள்ள வேலையைப் பாரு."

நாற்காலியைத் திரும்பத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கீழ்வயலைக் குறுக்காகக் கடந்து உள்கரைக்கு நடந்தார். இதுவரை ஒரு தடவைகூட மிதிக்காத உள்கரை. ஏறியதும் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. "இளக்கமா இருக்கு. நல்லா மிதிக்கவே இல்லை" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம், அண்ணன் வெட்டி முடித்து, கடல் உள்ளே வந்தபோது. அது பாய்ந்து வரும் என்று நினைத்தேன். வாய்க்காலில் வளைந்து வளைந்து, வீடு மாறி வந்த பூனை மாதிரி ஒவ்வொரு இடமாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தது. உள்கரையின் காலடியை அது தொட்டதும் அப்பா குனிந்து தண்ணீரில் கை வைத்தார்.

தங்கை

செப்டம்பர் 18

அடி கள்ளி,

படகிலிருந்து எனக்கு ஒரு நாற்காலி நகர்வது மட்டும் தெரிந்தது. வானத்தை உரசிக்கொண்டு கரை மேல் இருந்த நாற்காலி கீழே இறங்கி மறைந்தது. கையிலிருந்த அளவுக்கருவியை நான் தண்ணீருக்குள் விட்டுவிட்டேன். அதைப் பற்றி அலுவலகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அந்த அவசரம் அண்ணன் என் திட்டங்களில் எத்தனையோ கரைகளை வெட்டியவர். தூக்கத்தில்கூட அவர் தப்பான பக்கம் வண்டியை நிறுத்த மாட்டார். நீ அவரிடம் என்ன சொன்னாய்?

அக்கா

நவம்பர் 21

அக்கா,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். "அண்ணே, தப்பான பக்கம் நிறுத்துங்க. மிச்சத்தை எங்கப்பா பார்த்துப்பார்" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார் (அவசரம் அல்லவா). அப்புறம், "திட்டு விழுமே" என்றார். "விழும்ணே, பலமா விழும். அதுதான் வேணும்" என்றேன். ஓட்டுநர்களில் அவர் ஒரு மகான்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் மழையில் படகு ஓடாதது, அப்புறம் புயல். உனக்கும் தெரிந்திருக்கும். ஊரெல்லாம் பள்ளிக்கூடத்து மாடியில் படுத்தோம். அலை வெட்டு வழியாக உள்ளே வந்து, கீழ்வயல் முழுக்கப் பரந்து, உள்கரைக்கு வரும்போது கணுக்கால் நனைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. பழைய கரை பள்ளிக்கூட மூலையில் சரிந்துவிட்டது. பின்னால் உள்கரை இருந்ததால் ஒருத்தர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. அப்பா போய்ச் சரிந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அடைக்கவில்லை.

இப்போது காலையில் உள்கரையில்தான் சைக்கிள். ஹேண்டில் ஆடுகிறது, அவர் சொன்ன மாதிரியே. கீழ்வயலில் வண்டல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது. அதில் யாரும் நடாமலே பச்சையாக, தடித்த இலையோடு ஏதோ முளைத்திருக்கிறது. பேர் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டேன். "உங்க அக்காவைத்தான் கேட்கணும்" என்றார். அக்கா என்றார். கவனி.

நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவளுக்கா?"

"ஆமாம்ப்பா."

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்கவே தேவையில்லாத மணியை.

"வரும்போது பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு" என்றார். "நல்ல செருப்பைப் போட்டுட்டு வந்தா பாழாயிடும். அந்தச் செடியைப் பார்க்கணும்னா சேத்துல இறங்கி ரொம்ப தூரம் நடக்கணும்."